கரையாத ரத்தம்

என் இடது கையில் சிவப்பு ரப்பர் குழாயைக் கட்டினார் அவர். தேவைக்கு மேல் ஒரு சுற்று இறுக்கினார் என்று இன்றைக்கும் சொல்வேன். நரம்பு புடைத்து எழுந்த பிறகும் ஊசியை ஏற்றாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா டீச்சரம்மா, என்னை நெனப்பு கீதா?" என்றார். எனக்கு நினைவில்லை. மேல் பித்தான் இல்லாத காக்கிச் சட்டை, கார்பாலிக் வாசனை, ஒழுங்காகச் சிரைக்காத முகம், ஐம்பது வயது. இப்படிப்பட்டவர்களை நான் எதற்கு நினைவில் வைத்திருக்க வேண்டும்? இல்லை என்று தலையாட்டினேன். "பரவால்ல. எனக்குக் கீது" என்று சொல்லிவிட்டு ஊசியை ஏற்றினார்.

மருத்துவமனையில் எல்லோரும் அவரை நைனா என்றே அழைத்தார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். வேறு பெயர் எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளத் தோன்றியதும் இல்லை. இறந்தவர்களைப் பற்றி எழுதும்போது நல்லதாக நாலு வார்த்தை சேர்ப்பது வழக்கம். அந்த வழக்கத்துக்காக நான் எழுத உட்காரவில்லை. எனக்கு அவரைப் பிடிக்காது, அவருக்கு என்னை அதைவிடப் பிடிக்காது. ஆனால் என் வாழ்க்கையில் கெட்டுப்போன என் பெயரை மீட்டுக் கொடுத்த ஒரே மனிதர் அவர்தான் என்பதும் உண்மை. அதனால்தான் எழுதவேண்டியிருக்கிறது.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. எனக்கு இருபத்தாறு வயது. மயிலாப்பூரில் ஒரு கன்னியர் பள்ளியில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தேன். சாந்தோமில் கோயிலுக்குப் பின்னால் வீடு, அப்பாவும் நானும்தான். அப்பா துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்று, ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த வருஷம் மழைக்காலத்தில் என் வலது கண் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே தள்ளிக்கொண்டு வந்தது. வலி துளியும் இல்லை. கரும்பலகையில் நான் எழுதிய வரி எனக்கே இரண்டாகத் தெரிந்தது. முன்பெஞ்சுப் பெண்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள். பள்ளித் தலைவியான மதர், ஒரு கடிதம் கொடுத்து என்னைக் கண் டாக்டரிடம் அனுப்பினார். ராயப்பேட்டைக்குப் போகும் டிராம் பாதையில் அந்த டாக்டர் சொந்தமாக மருத்துவமனை வைத்திருந்தார். பின்புறம் ஓடு வேய்ந்த ஒரு நீள அறை. அதுதான் ரத்தப் பரிசோதனைக் கூடம். வெளியே வேப்பமரத்தில் ஒரு செம்மறி ஆடு கட்டியிருக்கும். உள்ளே கூண்டுகளில் கினிப்பன்றிகள். ஆட்டுக்குத் தழை போடுவது, குழாய்களைக் கழுவுவது, ரத்தம் எடுப்பது எல்லாம் நைனாவின் வேலை.

ரத்தம் ஊசிக்குள் ஏறிக்கொண்டிருக்கும்போதே அவர் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன் அவருடைய மகள் என் வகுப்பில் படித்தாளாம். சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து வந்த பெண் என்றதும் எனக்கு நினைவு வந்தது. புத்தகம் எங்கே என்று கேட்டேன். "வூட்ல கீது டீச்சர்" என்றாள். வகுப்பு சிரித்தது. நான் ஒரு அட்டையில் 'கீது' என்று பெரிதாக எழுதி அவள் முதுகில் ஊக்கால் குத்தினேன். ஒரு வாரம், காலை மணியிலிருந்து மாலை மணிவரை, அதோடுதான் அவள் நடமாட வேண்டும் என்றேன். நல்ல தமிழை வளர்க்கிறேன் என்று அப்போது நான் உண்மையாகவே நம்பினேன். பிள்ளைகள் அவளை 'கீது' என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்த வாரம் முடிந்த மறுநாள் அவள் வரவில்லை. பிறகு வரவே இல்லை. வருகைப் பதிவேட்டில் அவள் பெயரை அடித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனேன்.

"இப்போ தையக்காரர் வூட்ல பித்தான் தெச்சிக்கினு கீது. உங்க தயவு" என்றார் நைனா.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். "ரத்தம் எடுத்தாச்சுன்னா கட்டை அவிழுங்க" என்றேன்.

அந்தக் காலத்தில் கண்ணில் எது புரியாவிட்டாலும் டாக்டர்கள் முதலில் ரத்தத்தில் ஒரே ஒரு நோயைத்தான் தேடுவார்கள். மேகநோய். ஆண் பெண் உறவால் பரவும் அது, பிள்ளைகளுக்குத் தாய் வழியாகவும் வரும் என்றாலும், வயது வந்தவர்களிடம் கண்டால் ஊர் அதற்கு ஒரே அர்த்தம்தான் வைத்திருந்தது. என் ரத்தத்தில் அது இருக்கிறது, கண்ணுக்குப் பின்னால் இருக்கும் கட்டி அதனால்தான் என்று டாக்டர் எழுதினார். நான் பள்ளிக் கடிதத்தோடு போனவள் என்பதால் பதில் மதருக்கே போயிற்று. மதர் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, உடம்பு தேறும்வரை பள்ளிக்கு வரவேண்டாம் என்றார். நோயின் பெயரை உச்சரிக்கவில்லை. நான் வெளியே வரும்போது, ஆசிரியைகள் அறையில் நான் தண்ணீர் குடிக்கும் டம்ளரை ஆயா ஒரு குச்சியால் தள்ளிக் குப்பைக்கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அதற்குள் யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

அப்பாவிடம் நானே சொன்னேன். என் கையை ஆண்மகன் எவனும் தொட்டதில்லை, இது பொய் என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "யார்?" என்றார். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விடுவார். எங்கள் நாய் ஒன்றுதான் என் காலடியில் படுத்திருந்தது.

செவ்வாய்க்கிழமை தோறும் ஊசி. பாஷாணம் கலந்த மருந்து. போட்டுக்கொண்ட அன்று டிராமிலிருந்து பாதியில் இறங்கி, சாக்கடையோரம் குனிந்து வாந்தியெடுத்துவிட்டு வீட்டுக்கு நடப்பேன். மூன்று ஊசி ஆயிற்று. கண் உள்ளே போகவில்லை. இன்னும் வெளியே வந்து, தூங்கும்போது இமை மூடாத நிலைக்கு வந்துவிட்டது. அந்தப் பக்கம் எல்லாம் பனி மூடினாற்போல் இருந்தது.

நாலாவது செவ்வாய் நான் வராந்தாவில் என் முறைக்குக் காத்திருந்தபோது, நைனா கதவோரம் வந்து நின்றார். "ஊசி போட்டுக்காதே. இப்பிடி வா" என்றார். முதல் நாள் கிண்டலுக்காவது இருந்த 'நீங்க' போயிருந்தது. பின்னால் போனேன். மேஜைமேல் மரத்தாங்கியில் வேறு யாருடைய ரத்தத்துக்கோ வைத்த குழாய்கள் நின்றன.

"இத்த பாரு. எல்லாத்துலயும் ஆட்டு ரத்தம் ஊத்திக் கீது. நோயி இல்லன்னா ஆட்டு ரத்தம் கரைஞ்சி, குழாய் முச்சூடும் தெளிவா செவப்பாயிடும். நோயி கீதுன்னா கரையாது. அடியில போயி உக்காந்துக்கும். புரிதா?"

புரிந்தது. ஒரு குழாய் ரோஜா சர்பத் மாதிரி ஒரே சிவப்பாக இருந்தது. பக்கத்துக் குழாயில் மேலே தண்ணீரும் அடியில் மாதுளை முத்துபோல ஒரு சிவப்புப் பொட்டும்.

"இது கன்ட்ரோல் குழாய்" என்று கடைசியில் இருந்ததைத் தட்டினார். "இதுல நோயி தேடற மருந்து ஊத்த மாட்டோம். அப்போ இது கரைஞ்சே ஆவணும். இதுவும் கரையலன்னா, டெஸ்டே கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். கீதுன்னும் சொல்லக் கூடாது, இல்லன்னும் சொல்லக் கூடாது. உன் ரத்தத்துக்கு இது கரையல. டாக்டர் கையில சொன்னேன். உன் வேலை ஆட்டப் பாக்குறதுன்னாரு."

"எப்போ தெரியும் உங்களுக்கு?"

"மொத நாளே."

"மூணு வாரம் ஆச்சே! என்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொல்லல. எம்பொண்ணு ஒரு வாரம் அட்டைய மாட்டிக்கினு நின்னா. நீயும் நில்லுன்னு வுட்டேன்."

என் கை தானாக ஓங்கியது. வகுப்பில் எத்தனையோ முறை ஓங்கிய கை. அவர் நகரவில்லை. "அடி. உனக்குப் பழக்கந்தானே" என்றார். கை அப்படியே நின்றது. கீழே இறக்கினேன். அவமானத்தால் இறக்கினேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். அடித்தால் மீதியைச் சொல்லமாட்டாரே என்றுதான் இறக்கினேன்.

இப்போது மட்டும் ஏன் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "உம் பேரு கெட்டா எனக்கின்னா? கண்ணு போறத பாத்துக்கினு கீறதுக்கு முடியல" என்றார். இதை இரக்கம் என்று நான் ஏற்றுக்கொள்ளவில்லை. மூன்று வாரம் பார்த்துக்கொண்டிருந்தவர்தானே.

பிறகு சட்டென்று, "வூட்ல நாயி கீதா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். என்ன தின்னும் என்றார். கறிக்கடையில் கழித்துப் போடும் ஈரலை வாங்கிவந்து நான்தான் போடுவேன் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அவர் சொன்னதன் சாரம் இதுதான். சில ஆட்டு ஈரலில் நீர்க்கட்டி இருக்கும். அதற்குள் புழு முட்டை மாதிரி இருக்கும். அதைத் தின்ற நாயின் வயிற்றில் புழு வளரும். நாயின் கழிவு பட்ட கையோடோ கீரையோடோ அந்தப் புழுவின் முட்டை மனிதர் வயிற்றுக்குள் போனால், உடம்பில் எங்காவது அதே நீர்க்கட்டியாக வளரும். கண்ணுக்குப் பின்னால் வளர்ந்தால் வலியே இல்லாமல் கண்ணை வெளியே தள்ளும். அந்த மருத்துவமனையை இவருக்கு முன்பு நடத்திவந்த பழைய டாக்டர், இப்படி வருகிறவர்களுக்கு ஆட்டு ஈரல் கட்டியின் தண்ணீரையே மருந்தாக வைத்து இதே குழாய்ப் பரிசோதனையைச் செய்வாராம். உடம்பு எந்தப் பகையோடு சண்டை போட்டிருக்கிறதோ, அதன் அடையாளம் ரத்தத்தில் இருக்கும். அந்தத் தண்ணீரை அது அடையாளம் கண்டுகொள்ளும்.

"டாக்டர் கைல போயி, கன்ட்ரோல் கரைஞ்சுதான்னு மட்டும் கேளு. ஆட்டு ஈரல் தண்ணி டெஸ்ட் பண்ணச் சொல்லு. எம் பேரு வரக்கூடாது. வேலை பூட்டா வூட்ல சோறு இல்ல."

சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

டாக்டரின் அறைக்குள் போகாமல், நோயாளிகள் உட்கார்ந்திருந்த கூடத்தில் அவர் நடந்துவரும்போதே மறித்தேன். வகுப்பின் கடைசி பெஞ்சுவரை கேட்கிற குரல் எனக்கு உண்டு. அதை அன்று முழுதாகப் பயன்படுத்தினேன். "டாக்டர், என் ரத்தத்துக்கு வச்ச கன்ட்ரோல் குழாய் கரைஞ்சுதா, இல்லையா?" பெஞ்சுகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டரின் முகம் கறுத்தது. "இதெல்லாம் உனக்கு யாரும்மா சொன்னது?"

"உங்க நைனாதான் சொன்னாரு" என்றேன்.

வாய் தவறி வந்துவிட்டது என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தவறி வரவில்லை. அந்த மூன்று வாரத்தின் வாந்தியும் அப்பாவின் முதுகும் குப்பைக்கூடையில் விழுந்த டம்ளரும் சேர்ந்து அந்தப் பெயரைச் சொல்ல வைத்தன. சொன்னபோது நெஞ்சுக்குள் குளிர்ச்சியாக இருந்தது. கதவோரம் நின்றவர் அதைக் கேட்டார். உள்ளே போய்விட்டார்.

இத்தனை பேர் முன்னால் கேட்டுவிட்டதால் டாக்டரால் தட்டிக்கழிக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை உன் கண்ணெதிரிலேயே செய்கிறேன், வா என்றார். புது ரத்தம் எடுத்தார்கள். நைனா மீர்சாகிப்பேட்டைக் கறிக்கடைக்குப் போய், ஈரல் ஈரலாகப் புரட்டிப் பார்த்து, நீர்க்கட்டி உள்ளதாக ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தாராம். வெள்ளிக்கிழமை காலை நான் போனபோது மரத்தாங்கியில் இரண்டு வரிசைக் குழாய்கள் தயாராக இருந்தன. முன்வரிசை மேகநோய்க்கு, பின்வரிசை ஆட்டுக் கட்டித் தண்ணீருக்கு. இரண்டின் கடைசியிலும் கன்ட்ரோல். என் ரத்தத்தில் தெளிந்த நீரைச் சூடுபடுத்தி ஊற்றியிருந்தார்கள். கினிப்பன்றியின் ரத்தநீரைச் சேர்த்திருந்தார்கள். கடைசியாக ஆட்டு ரத்தத்தைச் சொட்டுச் சொட்டாக நைனா விட்டார். உடம்புச் சூடு உள்ள வெந்நீர்த் தொட்டியில் தாங்கியை இறக்கிவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். அரை மணி நேரம். டாக்டர் ஒரு நாற்காலி, நான் ஒரு நாற்காலி. அவரை உட்காரச் சொல்ல எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. வெளியே ஆடு கத்திக்கொண்டிருந்தது.

முதலில் கன்ட்ரோல்கள் இரண்டும் தெளிந்தன. கலங்கலாக இருந்தது ஒரு நொடியில் கண்ணாடிபோல ஆகி, குழாய்க்குப் பின்னால் இருந்த சுவரின் விரிசல் சிவப்பாகத் தெரிந்தது. பிறகு முன்வரிசைக் குழாய்கள் ஒவ்வொன்றாக. எனக்கு மேகநோய் இல்லை. இல்லவே இல்லை. பின்வரிசையில் மட்டும் எதுவும் நடக்கவில்லை. கலங்கல் மெதுவாகக் கீழிறங்கி, ஒவ்வொரு குழாயின் அடியிலும் ஒரு பொட்டாக உட்கார்ந்தது. டாக்டர் தாங்கியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். "புழுக்கட்டிதான்" என்றார்.

தாங்கியைக் கீழே வைத்த அடுத்த கணமே, "முதல் தடவை குழாயை ஒழுங்காகக் கழுவாததால வந்த வினை இது. கழுவினது யார்?" என்று கேட்டார்.

நைனா டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அன்று முழுவதும் அந்த ஒரு முறைதான். இவர் முதல் நாளே உங்களிடம் சொன்னாரே, நீங்கள்தானே காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று நான் கேட்டிருக்கலாம். எனக்குக் குரல் இல்லாமலா இருந்தது? ஆனால் மதருக்கு ஒரு திருத்தக் கடிதம் போகவேண்டும். அதை எழுத வேண்டியவர் டாக்டர். அறுவை செய்யவேண்டியவரும் அவர்தான். நான் குழாய்களைப் பார்த்தபடி இருந்தேன்.

அன்றைக்கே அவரைப் போகச் சொல்லிவிட்டார்கள். மேல்துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனவர், ஆட்டுக்கு ஒரு கட்டுத் தழையை அவிழ்த்துப் போட்டு, தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார். என்னைத் தாண்டித்தான் போனார்.

டாக்டரின் கை நல்ல கை. அதையும் சொல்லவேண்டும். கண்ணின் வெளி ஓரமாகத் திறந்து, கட்டியை உடையாமல் முழுதாக எடுத்துவிட்டார். பிறகு ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் காட்டினார்கள். உரித்த நுங்கு போல, நெல்லிக்காய் அளவில், வெள்ளையாக இருந்தது. கண் தன் இடத்துக்குத் திரும்பியது. பார்வை திரும்பவில்லை. "ஒரு மூணு வாரம் முன்னாடி தெரிஞ்சிருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர், பாதியில் நிறுத்திக்கொண்டு, "அதெல்லாம் உறுதியாச் சொல்ல முடியாதும்மா" என்று முடித்தார்.

கடிதம் போயிற்று. மதர் என்னை வரவேற்று ஒரு ஜெபம் சொன்னார். ஆசிரியைகள் அறையில் எனக்கென்று புது டம்ளர் வைத்திருந்தார்கள். அப்பா என்னோடு மறுபடி பேச ஆரம்பித்தார், மன்னிப்பு எதுவும் கேட்காமல், ரேஷன் அரிசியில் கல் அதிகம் என்று சொல்லி. நாயை யாரிடமோ கொடுத்துவிட்டார். நான் பள்ளியில் முப்பது வருஷம் வேலை பார்த்தேன். அட்டை எழுதுவதை மட்டும் விட்டுவிட்டேன். கோபத்தை விட்டேன் என்று சொல்ல முடியாது.

மூன்று வருஷம் கழித்து லஸ் முனையில் டிராமுக்கு நிற்கும்போது அவரைப் பார்த்தேன். அடையாறு பக்கம் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை என்று அவர் கையிலிருந்த ரத்தக்குப்பிப் பெட்டியைப் பார்த்து ஊகித்தேன். தலை வெளுத்திருந்தது. போய் எதிரில் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணைத்தான் பார்த்தார், முதலில் வலது, பிறகு இடது.

"அந்தக் கண்ணு தெரிதா?"

"இல்ல."

"இன்னொண்ணு?"

"நல்லா இருக்கு."

"வருஷா வருஷம் ரத்தம் குடுத்து டெஸ்ட் பண்ணிக்கினு இரு. எடுத்த கட்டி மறுபடியும் வரும். பத்து வருஷம் வுடாதே."

மகளைப் பற்றிக் கேட்க வாயைத் திறந்தேன். "அவ பேச்ச எடுக்காதே" என்றார். டிராம் வந்து நின்றது. படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பி, "ரத்தம் எங்க வோணா குடு. எங்கிட்ட மட்டும் வராதே" என்றார். உள்ளே போய், நான் நிற்கும் பக்கத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். அவரை அதன் பிறகு நான் பார்க்கவில்லை. காலமாகிவிட்டார் என்று பல வருஷம் கழித்து அந்த மருத்துவமனையில் முன்பு வேலை பார்த்த ஆயா ஒருத்தி சொன்னாள்.

இப்போதெல்லாம் ஆடும் இல்லை, கினிப்பன்றியும் இல்லை. பிளாஸ்டிக் தட்டில் சின்னச் சின்னக் குழிகள், அதில் மஞ்சள் நிறம் ஏறுகிறதா என்று இயந்திரம் பார்த்துச் சொல்லிவிடுகிறது. போன மாதம் ஒரு பரிசோதனைக்குப் போனபோது, கன்ட்ரோல் சரியாக வந்ததா என்று கேட்டேன். வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் மெஷினே பாத்துக்கும்மா" என்றாள். நீ ஒருமுறை உன் கண்ணால் பார் என்று அவளை உள்ளே அனுப்பிவைத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு போனாள். போனாளே, அது போதும்.

அவர் சொன்ன பத்து வருஷமும் தவறாமல் ரத்தம் கொடுத்தேன். எழும்பூரில் கொடுத்தேன், புரசைவாக்கத்தில் கொடுத்தேன், ஒரு வருஷம் வேலூர்வரை போய்க் கொடுத்தேன். முதல் வருஷம் மட்டும் அடியில் லேசாக ஒரு பொட்டு. மற்ற வருஷங்களில் எல்லாம் கரைந்தது. என் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில்தான் அடையாறு. அங்கே மட்டும் நான் போகவில்லை.